முன்மாதிரி நாடி

"நான் செத்துப் போயிட்டேன்னு எனக்கே போன் பண்ணிச் சொன்னாங்க, மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படிங்களான்னு கேட்டனுங்க. வேற என்னத்தச் சொல்றது?"

"சிரிக்காதீங்கண்ணா. ஆம்புலன்ஸ் வந்து வெறும் ஸ்ட்ரெச்சரோட திரும்பிப் போயிருக்கு."

"வெறும் ஸ்ட்ரெச்சரோட போகலீங்க. எம்பட மச்சானுக்கும் சாவுச் செய்தி போயிருக்குது. அவரு மாலையும் கையுமா கேட்டுக்கு வந்து, நான் பன்னு தின்னுட்டு நிக்கறதப் பாத்து மயங்கி விழுந்துட்டாரு. அவரைத்தான் ஏத்திட்டுப் போனாங்க."

"மாலை?"

"ஃபர்னஸ் பக்கத்துல மாகாளியம்மன் படம் இருக்குதுல்லீங்க, அதுக்குப் போட்டாச்சு. எதுக்கு வாங்குனதுன்னு அம்மங்கிட்டச் சொல்லலீங்க."

மங்கையர்க்கரசி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி சிரிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சுவரில் இருந்த கேமரா அவளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கோயம்புத்தூருக்கு வெளியே, பம்புகளுக்கு இரும்பு உடல் வார்க்கும் ஃபவுண்டரி அது. எதிரே உட்கார்ந்திருந்த சென்னியப்பன் அங்கே கிரேன் ஓட்டுகிறவர். முப்பதடி உயரத்தில், கோழிக்கூண்டு அளவே உள்ள அறையில் அமர்ந்து, உருகிய இரும்பு நிறைந்த ராட்சச வாளியை உலையிலிருந்து அச்சுகளுக்கு நகர்த்திக்கொண்டு போவார். அந்த வாளியை எல்லோரும் லேடில் என்பார்கள். பதினான்கு வருடமாக ஓட்டுகிறார். அவருக்குக் கீழே ஒருவர் மயிர்கூடக் கருகியதில்லை.

"பட்டையை ஏன் ஆணியில மாட்டினீங்க?"

"கையில கட்டுனா எண்ணுதுங்க. ஆணியில மாட்டுனா எண்ணாதுன்னு நெனச்சேன். நான் போய்ச் சேந்துட்டேன்னு அது முடிவு பண்ணிப்போடும்னு யாரு கண்டா?"

பட்டையின் பெயர் 'அமைதி'. எட்டு மாதத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதுவரைக்கும் ஆலையின் பாதுகாப்பை நடந்தவற்றை வைத்து அளந்தார்கள். எத்தனை விரல் நசுங்கியது, எத்தனை கால் சுட்டது, எத்தனை நாள் வேலை போனது. அடிபட்ட பிறகு எண்ணி என்ன பயன், படப்போன அடியை எண்ண வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஒரு ஆபத்து மயிரிழையில் விலகிப்போனால் மனதுக்கு உறைக்கும் முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. நெஞ்சு ஒரு குதி குதிக்கிறது, தோல் குளிர்கிறது. புஜத்தில் கட்டிய பட்டை அதைப் பிடித்து ஒரு புள்ளி வைக்கும். அலுவலகக் கடிதங்களில் அதற்குப் பெயர் 'தப்பிய விபத்து'. ஆலைக்குள் 'திடுக்கு'.

முதல் மாதம் அரசிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டாம் உலையின் படிக்கட்டில் தினமும் ஒன்பது பேருக்குத் திடுக்கு விழுவதாகப் பட்டைகள் காட்டின. போய்ப் பார்த்தால் ஒரு தகடு ஆடிக்கொண்டிருந்தது. நான்கு போல்ட் முடுக்கியதும் ஒன்பது திடுக்கும் நின்றுபோயின. இதைவிட நல்ல கருவி உலகத்தில் உண்டா என்று நினைத்தாள்.

இரண்டாம் மாதம் தலைமை அலுவலகம் அதை மதிப்பெண் ஆக்கியது. நாற்பது ஆலைகளுக்குத் தரவரிசை. அதன்பிறகு எந்த இடத்தில் திடுக்கு விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு விழுந்தது என்று கேட்டார்கள்.

"ஆலை மொத்தத்துக்கும் ஷிப்டுக்கு நாப்பது திடுக்குதான் அனுமதி," என்றாள் அரசி. "அதுல முப்பத்தொண்ணு உங்களுது மட்டும்."

"அது கொறைவுங்க. முந்தாநேத்து முப்பத்தாறு."

"மாசக் கடைசிக்குள்ள குறையலைன்னா உங்களைக் கிரேன்ல இருந்து இறக்கணும்னு கடிதாசி வந்திருக்கு. நான் கையெழுத்துப் போடணும். உங்க இடத்துக்குக் கீழ வேலை பாக்கற ரூபனைப் போடச் சொல்றாங்க. அவனுக்கு எட்டு மாசமா ஒரு திடுக்குகூட இல்லை."

"அவனுக்கு எப்படீங்க விழும்? தலைக்கு மேல லேடில் போனாலும் போனைப் பாத்துட்டு நிப்பான். அன்னிக்கு அவனுக்காக நான் பிரேக் புடிச்சேன். திடுக்கு எனக்கு. அவனுக்கு முட்டை."

"தெரியும்ணா."

"பயப்படறதுக்குத்தானுங்க என்னை மேல உக்கார வெச்சிருக்குது. கீழ ஒரு நெழலு அசைஞ்சா நெஞ்சு குதிக்கும், கை தானா லீவரை இழுக்கும். நெஞ்சு குதிக்கலைன்னா கை எதுக்கு இழுக்கப் போவுது?"

"எனக்குத் தெரியும்ணா. அதுக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் தெரியலை."

சென்னியப்பன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அதுக்கு உசுரோட ஒரு நாடி வேணும், சூடா ஒரு ஒடம்பு வேணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா ஒரு ரோசனைங்க."

அவர் ரோசனை செய்யும் முகத்தை அரசி அன்றைக்கே சற்று உற்றுப் பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள் சென்னியப்பனின் 417-ஆம் எண்ணுக்கு நேரே சுழியம் விழுந்தது. மறுநாளும் சுழியம். அரசிக்கு முதலில் கண் கலங்கியது. மனுஷன் வேலை போகுமே என்ற பயத்தில் பயப்படுவதையே விட்டுவிட்டாரோ என்று. பிறகு 'அமைதி' ஒவ்வொருவர் பற்றியும் வாரம் ஒருமுறை எழுதும் நலக்குறிப்பைத் திறந்தாள்.

'417: மன அமைதி மிகச் சிறப்பு. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு துடிப்பு, மாற்றமில்லை. காலையிலும் மாலையிலும் ஒருமுறை மேலும் குறைகிறது. தியானம் செய்கிறார் எனத் தெரிகிறது. நாள் முழுவதும் எதையோ மெல்லுகிறார். புகையிலைப் பழக்கம் உண்டா என விசாரிக்கவும். மதியம் ஒரு மணி நேரம் நீருக்குள் இருக்கிறார். உலை வெப்பத்தைத் தணிக்க இது நல்ல வழி. மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கலாம்.'

அரசி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

'மேலும் பத்துத் தொழிலாளர்களின் இதயம் 417-இன் இதயத்தோடு ஒரே நேரத்தில் துடிக்கிறது. குழு ஒற்றுமையில் நாற்பது ஆலைகளில் இந்த ஆலையே முதலிடம். குறை: பதினொரு பேரும் அதிகம் நடப்பதில்லை. முழங்கால் வலி உள்ளதா என்று பார்க்கவும்.'

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, உலைக்கூடத்தைத் தாண்டி, கேன்டீனுக்குப் பின்னால் போனாள்.

மதில்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில் சின்னக்கா நின்றிருந்தாள். சின்னக்கா என்பது எருமையின் பெயர். கேன்டீன் நடத்தும் பழனாத்தாள் டீக்குப் பால் வேண்டுமென்று ஒன்பது வருடமாக அங்கேயே கட்டி வளர்க்கிறாள். உலை இருமினாலும் இரும்பு விழுந்தாலும் சங்கு ஊதினாலும் அது ஒருமுறைகூடத் தலையைத் திருப்பியதில்லை. மதியம் பழைய குளிர்நீர்த் தொட்டியில் இறங்கிக் கிடக்கும். இப்போது அதன் வாலடியில் ஒரு பட்டை. அதற்குக் கீழே இன்னொன்று. காதுக்கு ஒன்று, கால்களில் மீதி. வளைகாப்பு முடிந்து வந்த பெண்போல நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பழனாத்தாள் பால் சொம்பைக் கீழே வைத்தாள். ஒளித்து வைக்கக்கூடிய பொருளில்லை என்பதால் ஒளிக்க முயலவில்லை.

"வா அம்மிணி. டீ குடிக்கிறயா?"

"இது என்னங்கக்கா?"

"வாலடியில கட்டுனாத்தான் நாடி தெரியும். மாட்டு டாக்டரு அங்கதான் வெரலை வெச்சுப் பாப்பாரு. மொதல்ல கொம்புல கட்டிப் பாத்தோம், சென்னியப்பன் மறுக்காச் செத்துப்போவான் போல இருந்துச்சு. வெரசா மாத்திட்டோம்."

"நான் இந்தப் பட்டைங்களைக் கேக்கறேன்."

"அவன் ஒருத்தனுக்கு ஒத்தாசைன்னுதான் ஆரம்பிச்சது. பொறவு ஒறம்பரை சனம் வராப்பல ஒவ்வொருத்தனா வரானுங்க. அந்த உசரத்துல தொங்கி வேலை பாக்கற பையன் வந்து அழுவறான், அக்கா எனக்குக் கொழந்தை பொறந்து மூணு நாள் ஆச்சு, தூக்கமில்லை, ஆணி விழுந்தாலும் தூக்கிவாரிப் போடுதுன்னு. வேணாங்கறதா?"

அரசி சின்னக்காவைப் பார்த்தாள். சின்னக்கா அவளைப் பார்த்தது. இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் மறுநாளே சென்னியப்பன் இறங்குவார், ரூபன் ஏறுவான். ரூபனுக்குக் கீழே நூற்றிருபது பேர் நிற்பார்கள். எழுதாவிட்டால், அவள் காக்க வேண்டிய அளவுகோலில் ஓர் எருமை வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

"காதுல கட்டினது இறுக்கமா இருக்குங்கக்கா," என்றாள் கடைசியில். "கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க."

மாதக் கடைசியில் ஆலை முதலிடம் பிடித்தது. இறக்கச் சொன்ன கடிதத்தை ரத்து செய்து இன்னொரு கடிதம் வந்தது. ரூபன் பழைய இடத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னியப்பன் மேலே உட்கார்ந்து மனம்போல் திடுக்கிட்டார். எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதென்று அரசி நம்பத் தொடங்கிய நேரத்தில் சென்னையிலிருந்து நிரஞ்சன் அழைத்தான். நாற்பது ஆலைகளுக்கும் 'அமைதி'யைப் பொறுப்பேற்று நடத்துகிறவன் அவன்.

"வாழ்த்துகள் மேடம். புதன்கிழமை நானே வரேன். 417-ஐ நேர்ல பாக்கணும். பதினாலு வருஷம் கிரேன், ஒரு விபத்து இல்லை, ஐம்பத்திரண்டு துடிப்பு. இப்படி ஒரு மனுஷனை நாங்க பாத்ததே இல்லை."

"பாத்திருக்க மாட்டீங்க."

"அவரோட நாடியைத்தான் முன்மாதிரியா எடுத்துக்கப் போறோம். இனிமே எல்லா ஆலையிலயும் ஆபத்தான வேலையில இருக்கறவங்களை அதோட ஒப்பிட்டுப் பாப்போம். ரொம்ப விலகியிருந்தா வேற வேலைக்கு மாத்திடலாம்."

அரசியின் புஜத்தில் பட்டை ஒருமுறை அதிர்ந்தது.

"மேடம், உங்க பேர்ல ஒரு புள்ளி விழுந்திருக்கே. ஏதாவது ஆபத்தா?"

"இல்லை சார். பல்லி."

அன்று மதியம் கேன்டீனில் அவள் சென்னியப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப மத்த ஆலைல என்னைய மாதிரி இருக்கறவங்களை எல்லாம் இறக்கி விட்டுருவாங்களா?"

"எருமையைவிட அதிகமா திடுக்கிடறவங்களை."

"அது எல்லாரும்தானுங்களே."

"எல்லாரும் இல்லை. ரூபன் மாதிரி ஆளுங்க மிஞ்சுவாங்க."

சென்னியப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். "சொல்லிப்போடுங்க, மேடம். என்னை இறக்குனா இறக்கட்டும். முகம் தெரியாதவன் சோத்துல நான் மண்ணைப் போட்டுட்டு மேல உக்காந்திருக்க முடியாதுங்க."

"சொன்னா இங்க ரூபன் ஏறுவான்."

"அதுவும் வேணாங்க."

"ரெண்டுல ஒண்ணுதாண்ணா."

"நீங்க படிச்சவங்க. மூணாவதா ஒண்ணைப் பாருங்க."

மூன்றாவதாக எதுவும் அகப்படவில்லை. புதன்கிழமை நிரஞ்சன் வந்ததும் முதலில் கிரேனைக் காட்டுவது, பிறகு அவன் சாப்பிட உட்காரும்முன் உண்மையைச் சொல்லிவிடுவது, வருவது வரட்டும் என்று மட்டும் தீர்மானித்தாள்.

நிரஞ்சன் வயதில் அவளைவிடச் சிறியவனாக இருந்தான். ஹெல்மெட் அவ்வளவு புதிது, உள்ளே ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூட இன்னும் போகவில்லை. கையில் அகலமான டேப்லெட். அதன் திரையில் 417-இன் நாடி பச்சைக் கோடாகப் போய்க்கொண்டிருந்தது.

"அவர் இப்ப லேடிலைத் தூக்கறார் இல்லையா?" என்றான். "ஐம்பத்திரண்டு. அஞ்சு டன் இரும்பு தொங்குது, மனுஷன் தூளி ஆட்டற மாதிரி இருக்கார். ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மேலே சென்னியப்பனின் கையில் இருந்தது வேலை செய்யாத பழைய பட்டை. அரசி கூண்டைப் பார்த்துக் கையசைத்தாள். ஆரஞ்சு நிறத்தில் கொதித்துக்கொண்டு லேடில் நகரத் தொடங்கியது. கூடத்தில் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் ஒதுங்கினார்கள். நிரஞ்சன் டேப்லெட்டை உயர்த்திப் பிடித்து, கிரேன் முழுதும் படத்தில் வர வேண்டுமென்று ஓரடி பின்னால் வைத்தான். பிறகு இன்னொரு அடி. லேடில் வரும் பாதை அவன் முதுகுப் பக்கம் இருந்தது; மஞ்சள் கோடு அவனுக்கு முன்னால் போய்விட்டது. அரசி கத்தியது உலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

லேடில் ஒரு உலுக்கலோடு நின்றது. சங்கு அலறியது. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இரும்பு தளும்பி, நிரஞ்சனின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி மணலில் விழுந்து பூவாகச் சிதறியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கைநீட்டினால் தொடும் தூரத்தில் லேடில் தொங்கியது. அவன் முகத்தில் அதன் வெளிச்சம் அடித்தது.

அவன் புஜத்தில் பட்டை அதிர்ந்தது. பிறகு அவன் செய்ததைத்தான் அரசி பலநாள் நினைத்துக்கொண்டாள். ஓடவில்லை. பழக்கத்தில் டேப்லெட்டைப் பார்த்தான். பச்சைக் கோடு ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு.

இரண்டு பேர் அவனைப் பிடித்து இழுத்தார்கள். லேடில் பத்திரமாக உலைக்குத் திரும்பிய பின் சென்னியப்பன் ஏணியில் இறங்கி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். சங்கு ஊதிப் பயமுறுத்திட்டனுங்க."

நிரஞ்சன் அவருடைய கையைப் பார்த்தான். அவர் மணிக்கட்டில் தன் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் எண்ணினான்.

"நூத்தி முப்பதுக்குமேல போகுது," என்றான். டேப்லெட்டை அரசியிடம் நீட்டினான். "அப்ப இது யாரோடது?"

"வாங்க. அறிமுகம் பண்ணி வைக்கறேன்."

பழனாத்தாள் சின்னக்காவுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் கொட்டகை வாசலில் நின்று முதலில் வாலைப் பார்த்தான், பிறகு கால்களை, பிறகு காதை. தவிட்டுத் தண்ணீரை உறிஞ்சும் சத்தத்துக்குத் தகுந்தாற்போல் திரையில் கோடு லேசாக நெளிந்தது. அரசி எல்லாவற்றையும் சொன்னாள்; ஆணியிலிருந்து தொடங்கி, தான் காதுப்பட்டையைத் தளர்த்தச் சொன்னதுவரை. சென்னியப்பன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னை இறக்கிருங்க சார்," என்றார். "மத்தவங்களை விட்டுருங்க."

"இந்த நாடியை மத்த ஆலைக்கு அனுப்பாதீங்க," என்றாள் அரசி. "அது போதும்."

"போன வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு," என்றான் நிரஞ்சன். "இதுவரைக்கும் இருநூத்திப் பதினாறு பேரை மாத்தியிருக்காங்க. பாய்லர் பாக்கறவங்க, கிரேன் ஓட்டறவங்க, உயரத்துல வேலை செய்யறவங்க. எல்லாரும் இதைவிடப் படபடப்பானவங்களாம்."

கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் சின்னக்கா மட்டும்தான் எதுவும் நடக்காததுபோல் இருந்தது.

"தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிடுங்க சார்."

"எழுதலாம். பட்டையைத் தூக்க மாட்டாங்க மேடம், என்னைத்தான் தூக்குவாங்க. இதுக்காக எத்தனை மேடையில கை தட்டியிருக்காங்க தெரியுமா? அப்புறம் இதைவிட நுட்பமா ஒரு பட்டை வரும். எருமை வால்ல கட்டினா கண்டுபிடிக்கற பட்டை. அது வந்தா இவர் அன்னிக்கே இறங்கணும். அந்த இருநூத்திப் பதினாறு பேரும் திரும்ப ஏறவே முடியாது."

"அப்ப அவங்களை என்ன பண்றது?"

நிரஞ்சன் குந்தி உட்கார்ந்தான். ஒரு கையை மெதுவாக நீட்டிச் சின்னக்காவின் கழுத்தில் வைத்தான். சின்னக்கா மறுக்கவில்லை. அவன் அப்படியே வெகுநேரம் இருந்தான். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

"இதுக்கு எத்தனை வயசும்மா ஆகுது?" என்று பழனாத்தாளைக் கேட்டான்.

"பதினொண்ணு முடிஞ்சுது, சாமி."

"சத்தத்துக்கு மிரளாதா?"

"பக்கத்துல ஃபர்னஸே வெடிச்சுது ஒருக்கா. காதை ஆட்டுச்சு. அவ்வளவுதான்."

"ஒரு சமயத்துல எத்தனை பட்டை தாங்கும்?"

"இப்பப் பதினொண்ணு இருக்குது. கழுத்துல சங்கிலி மாதிரி கோத்துப் போட்டா இருபதுகூட ஆகும். ஏஞ்சாமி?"

சென்னியப்பன் தூணை விட்டார். அரசி நிரஞ்சனின் முகத்தையே பார்த்தாள். அவன் டேப்லெட்டில் நாற்பது ஆலைகளின் பட்டியலைத் திறந்து, மேலே இருந்த இந்த ஆலையின் பெயரை விட்டுவிட்டு, மற்றவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். ஓசூர், ராணிப்பேட்டை, தூத்துக்குடி. கடைசிப் பெயருக்கு வந்ததும் திரையை அணைத்துத் தரையில் வைத்தான்.

"இதே குணத்துல," என்றான், பழனாத்தாளின் முகத்தைப் பார்த்து, "இன்னும் முப்பத்தொன்பது எனக்குப் பாத்துப் பிடிச்சுத் தர முடியுமாம்மா?"